நீதிமன்ற ஒலி-ஒளி அமைப்பு

சாட்சியத்தைக் கேட்கவும் பார்க்கவும் பதியவும் நீதிமன்ற அறையில் பொருத்தப்படும் ஒலிவாங்கி, ஒலிபெருக்கி, கமரா, திரை ஆகியவற்றின் தொகுதி. இலங்கையில் ஒலி, ஒளிப்பதிவுகளைச் சான்றாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. சாட்சி வேறிடத்திலிருந்து காணொளி இணைப்பில் பேச 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் இடந்தந்தது.

வடிவமைப்பில் முதலிடம் ஒலிக்கே: படம் மங்கினாலும் விசாரணை நடக்கும், சொல் தவறினால் பதிவேடே பிழையாகிவிடும். அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரைப்படி கல்முனை உட்பட வடக்கு, கிழக்கு நீதிமன்றங்களில் நடவடிக்கையும் பதிவும் தமிழில். சிங்களம் மட்டும் தெரிந்த பொலிஸ் சாட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. எனவே மொழிபெயர்ப்பாளருக்குத் தனி ஒலிவாங்கியும் பதிவில் தனித் தடமும் வேண்டும். இதைத்தான் பலரும் மறப்பர். மின்விசிறி இரைச்சலையும், இணைப்புகளை அரிக்கும் உப்புக்காற்றையும் கரையோரக் கட்டடங்களில் கணக்கில் கொள்ள வேண்டும்.