பேழையில் வந்த பிள்ளை: ஆடகசவுந்தரி கதையும் அறத்தின் பிறப்பும்

துறைமுகங்கள் பொருளை மட்டுமன்றிக் கதைகளையும் இறக்குமதி செய்வன. கடல்வழி வந்த அரசர், கடல்வழி வந்த தெய்வம், கடல்வழி வந்த பகைவர் என மூவகைக் கதைகளும் திருகோணமலைக்கு உண்டு. இவற்றுக்கிடையே, கடலில் விடப்பட்ட ஒரு பெண்குழந்தையின் கதையும் வழங்கி வருகின்றது. ஆடகசவுந்தரி என்னும் அரசியின் கதை அது. கோணேசர் கோயிலின் திருப்பணி வரலாற்றை ஆராய்ந்தோர் இக்கதையைப் பெரும்பாலும் குளக்கோட்டனின் வரலாற்றுக்கு ஓர் இணைப்பாகவே கருதி, விரைந்து கடந்து சென்றுள்ளனர். இளமையில் எய்திய கொடுந்துயரும், பின்னர்ப் பெற்ற அன்பும் ஒருவருடைய அறநோக்கை எவ்வாறு உருவாக்குகின்றன என்னும் வினாவுக்கு இக்கதை ஒரு விடை தருகின்றது. அவ்விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையும் அதன் சான்றும்

கோணேசர் கல்வெட்டு, திரிகோணாசல புராணம், மட்டக்களப்பு மான்மியம் ஆகியன குளக்கோட்டன் மரபைப் பேணும் நூல்கள். இவற்றிடையே விவரங்களில் வேறுபாடு உண்டெனினும், ஆடகசவுந்தரி கதையின் போக்கைச் சுருக்கமாகப் பின்வருமாறு கூறலாம். கடலுக்கு அப்பாலுள்ள நாட்டு அரசன் ஒருவனுக்கு ஒரு பெண்மகவு பிறக்கின்றது. அக்குழந்தையால் நாட்டுக்குக் கேடு விளையும் எனச் சோதிடர் உரைக்கின்றனர். அரசன் அதனைப் பேழையில் இட்டுக் கடலில் விடுகிறான். பேழை ஈழத்துக் கரையை அடைகின்றது. உன்னாசகிரியிலிருந்து ஆண்ட மனுநேய கயவாகு மன்னன் பிள்ளையில்லாதவன். அவன் அக்குழந்தையை எடுத்துத் தன் மகளாக வளர்க்கின்றான். அவனுக்குப் பின் அவளே அரசியாகின்றாள். சோழநாட்டிலிருந்து வந்த குளக்கோட்டன் கோணமலையிலே திருப்பணி செய்வதைக் கேள்வியுற்ற அவள், அவனை அகற்றுமாறு அமைச்சனைப் படையுடன் அனுப்புகின்றாள். ஆயினும் பகை உறவாக மாறி, இருவருக்கும் மணம் நிகழ்கின்றது. கந்தளாய்க் குளம் எழுகின்றது. அவர்களுடைய மகன் சிங்ககுமாரன் அரசுரிமை பெறுகின்றான்.

இக்கதையை அப்படியே வரலாறாகக் கொள்ளுதல் இயலாது. குளக்கோட்டன் என்னும் பெயரே குளமும் கோட்டமும் கட்டியவன் என்னும் செயல்வழிப் பெயராகத் தோன்றுகின்றது. திருகோணமலைக் கோட்டையிலுள்ள கிரந்த எழுத்துச் சாசனம் ஒன்று, சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இல், சோடகங்கதேவன் என்பான் கோகர்ணத்துக்கு வந்ததைக் குறிப்பிடுகின்றது. இவனையே குளக்கோட்டன் எனக் கருதும் அறிஞரும் உளர். கந்தளாய்க் குளமோ அதனினும் தொன்மையானது. பாளி வரலாற்று நூல்களின் மரபு, கந்தளாய்க் குளப் பணியை ஏழாம் நூற்றாண்டு மன்னனாகிய இரண்டாம் அக்கபோதியுடன் தொடர்புபடுத்துகின்றது. சோழர் ஆட்சிக்காலத்தில் அங்கே சதுர்வேதிமங்கலம் ஒன்று விளங்கியமைக்கும் சாசனச் சான்று உண்டு. எனவே பல நூற்றாண்டுகளில் பலர் செய்த பணிகளை மக்கள் நினைவு ஓர் அரசன், ஓர் அரசி என்னும் இருவர் மேல் ஏற்றியுள்ளது எனலாம்.

இவ்வாறு கூறுவதால் கதையின் மதிப்புக் குறைந்துவிடாது. நிகழ்ந்தது யாது என்பதற்குக் கதை வலுவற்ற சான்றாயினும், அதனைச் சொன்னோர் எதனை நல்லாட்சி எனக் கருதினர் என்பதற்கு வலுவான சான்றாகும். 1622ஆம் ஆண்டில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பினர். அதன்பின் 1963இல் மீண்டும் குடமுழுக்குக் காணும்வரை, மலையுச்சியிலிருந்த கோயிலின் பழம்பெருமை பெரும்பாலும் நூல்களிலும் வாய்மொழியிலுமே வாழ்ந்தது. கோயிலை இழந்த மக்கள் அதனைப் பேணிய தலைமுறைகளின் தொடக்கத்தில், பெற்றோரால் கைவிடப்பட்ட ஒரு குழந்தையை அரசியாக நிறுத்தினர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

எறிந்தவரின் நியாயம்

நீரில் விடப்பட்ட குழந்தையின் கதை உலகெங்கும் உண்டு. அக்கேடிய அரசன் சார்கோன், எபிரேயரின் மோசே, பாரதத்துக் கர்ணன் ஆகியோரை யாவரும் அறிவர். தொண்டைமான் இளந்திரையனைக் கடல்திரை கொணர்ந்த பிள்ளை எனத் தமிழ் உரைமரபு கூறும். ஒட்டோ றாங்க் என்னும் உளவியலாளர் 1909ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இத்தகைய கதைகளைத் தொகுத்து, வீரர் பிறப்புக்குரிய பொதுவான வடிவமொன்று உண்டெனக் காட்டினார். எனினும் பொதுவடிவத்தை மட்டும் நோக்குவோமாயின் ஒவ்வொரு கதையும் எழுப்பும் தனிவினா மறைந்துவிடும்.

ஈழத்துக்கே உரிய இன்னொரு கதையை ஒப்பிடுவது பயன்தரும். களனி மன்னன் தீசன் ஒரு துறவியைக் கொன்ற தீவினையால் கடல் பொங்கி நாட்டை அழித்தது எனவும், அதனைத் தணிக்க அவன் தன் மகளைப் பொற்கலத்தில் இட்டுக் கடலில் விட்டான் எனவும், கரைசேர்ந்த அவளைக் காவந்தீசன் மணந்தான் எனவும் மகாவமிசம் கூறுகின்றது. துட்டகாமணியின் தாயாகிய விகாரமாதேவி அவளே. ஆடகம் என்னும் சொல்லும் பொன்னையே குறிக்கும். சிங்கள மரபிலும் தமிழ் மரபிலும் பொன்னோடு தொடர்புடைய ஓர் இளவரசி கடலில் விடப்பட்டு, கரைசேர்ந்து, அரசியாகி, அரசாளும் மகனைப் பெறுகின்றாள். இரு மொழியினரும் ஒரே கடலை நோக்கி வாழ்ந்தோர் என்பதற்கு இதுவும் ஒரு சான்று போலும்.

இவ்விரு கதைகளிலும் தந்தையர் கொடியோராகக் காட்டப்படவில்லை. நாட்டைக் காத்தற்பொருட்டே குழந்தை துறக்கப்படுகின்றது. பலருடைய நலனுக்காக ஒருவரை இழக்கலாம் என்பதே அவர்தம் நியாயம். ஆடகசவுந்தரியின் கதையிலோ இந்நியாயத்துக்கு அடிப்படையாக இருந்தது சோதிடரின் சொல் மட்டுமே. அச்சமே அரசநீதியின் உருவத்தில் நின்று குழந்தையைக் கடலில் தள்ளியது.

வளர்ந்த அக்குழந்தை முதன்முதலில் செய்வதாகக் கதை கூறும் அரசியற் செயல் யாது? கடல்வழி வந்த அயலான் ஒருவனைத் தன் நாட்டுக்குக் கேடெனக் கருதி, அவனை அகற்றப் படை அனுப்புகின்றாள். தன் தந்தை தனக்குச் செய்ததையே தன்னைப் போலக் கடலைக் கடந்து வந்த இன்னொருவனுக்கு அவள் செய்ய முற்படுகின்றாள். அவளுடைய நெஞ்சில் என்ன நிகழ்ந்ததென்று நூல்கள் விரித்துரைக்கவில்லை. ஆயினும் நிகழ்ச்சிகளின் வரிசை நமக்கு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. துன்பம் தானாக எவரையும் அறவோர் ஆக்குவதில்லை. காயமுற்றவர் கையில், காயப்படுத்தியவரின் நியாயமே முதலில் கருவியாக வந்து சேர்கின்றது.

யப்பானியச் சித்திரக்கதை ஒன்று

நம் நூல்கள் கூறாது விட்ட இவ்வுள நிகழ்ச்சியை விரித்துக் காட்டும் ஒரு படைப்பை நம் மாணவர் பலர் அறிந்திருப்பர். யப்பானியர் மங்கா எனப் பெயரிட்டு வழங்கும் சித்திரக்கதை வடிவில் ஒசாமு தெசூக்கா (1928–1989) 1967ஆம் ஆண்டு தொடங்கி எழுதிய ‘தொரோரோ’ என்பதே அது. 1969இலும் 2019இலும் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. அதன் தலைவன் ஃகியாக்கிமாரு. அவன் பிறக்குமுன்னரே, தந்தையாகிய தாய்கோ ககேமிற்சு அதிகாரத்தை வேண்டி, நாற்பத்தெட்டுப் பேய்களுக்கு மகனின் உடலுறுப்புகளை ஈடாக வைக்கிறான். கண், செவி, கை, கால் யாவுமின்றிப் பிறந்த குழந்தை ஆற்றில் விடப்படுகின்றது. மருத்துவர் ஒருவர் அதனைக் கண்டெடுத்து, செயற்கை உறுப்புகள் செய்து பொருத்தி, மகனாக வளர்க்கின்றார். வளர்ந்தபின் அவன் பேய்களை ஒவ்வொன்றாகக் கொன்று தன் உறுப்புகளை மீட்கப் புறப்படுகிறான்.

இக்கதை திருகோணமலைக் கதையின் வழிவந்ததன்று. கி.பி. 712இல் தொகுக்கப்பட்ட ‘கொசிக்கி’யிலே, ஃகிருக்கோ என்னும் ஊனமுற்ற தெய்வக்குழந்தை நாணற்படகில் விடப்பட்ட செய்தி உண்டு. பிற்கால மக்கள் அக்குழந்தையே கரைசேர்ந்து எபிசு என்னும் தெய்வமாயிற்று என நம்பினர். எபிசு மீனவரும் வணிகரும் வழிபடும் தெய்வம். எறியப்பட்ட பிள்ளையைத் துறைமுக மக்கள் தம் காவலாக ஏற்றுக்கொள்ளுதல் அங்கும் நிகழ்ந்துள்ளது.

தெசூக்காவின் கதையில் தலைவனை அறத்தின்பால் திருப்புவோர் சிலரே. முதலாமவர் வளர்த்த மருத்துவர். அடுத்தவள் மியோ என்னும் இளம்பெண். போரில் பெற்றோரை இழந்த சிறுவர்களைப் பாழடைந்த கோயிலொன்றில் பேணியவள். அவளையும் சிறுவர்களையும் போர்வீரர் கொன்றுவிடுகின்றனர். மூன்றாவது, உடன்வரும் தொரோரோ என்னும் அநாதைச் சிறுதிருடர். தொரோரோவின் தாய், ஏந்துவதற்குக் கலமின்றிக் கொதிக்கும் கஞ்சியை வெறுங்கையில் வாங்கிப் பிள்ளைக்கு ஊட்டியவள். இத்தகைய அன்பினைக் கண்டிராவிடின் ஃகியாக்கிமாரு தந்தையைப் போலவே வாளை மட்டும் நம்பியவனாகியிருப்பான். தன் உறுப்பை மீட்கப் பேயைக் கொல்லும் ஒவ்வொரு முறையும் ஊரார் விடுதலை பெறுகின்றனர். ஆயினும் அவர்களே அவனது உருவை அஞ்சித் துரத்துகின்றனர். நன்றி கிடையாதவிடத்தும் நன்மை செய்யும் அறம் அவனுக்கு இவ்வாறே பழகுகின்றது.

ஆசிரியரின் இளமையும் போரின் நிழலில் கழிந்ததே. 1945இல் ஒசாக்கா நகர்மீது குண்டுகள் பொழியப்பட்டபோது அவர் அங்குத் தொழிற்சாலையில் வேலைசெய்த மாணவர். பின்னர் ஒசாக்காவிலேயே மருத்துவம் பயின்றார். அதற்கு மூன்றாண்டுகள் முன்னர், 1942 ஏப்பிரல் 9ஆம் நாள், யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கியிருந்தன. நாட்டின் பேரால் நிகழ்ந்த போரில் இரு கரைகளிலும் எளியோரே அஞ்சி ஓடினர். நாட்டுக்காக மகனைப் பேய்களுக்கு ஈடுவைக்கும் தந்தையின் கதை இத்தகைய பட்டறிவுடைய தலைமுறையில் தோன்றியமை வியப்பன்று.

அன்பும் அதன் எல்லையும்

அன்பு பெற்றவர் அனைவரும் அறவோர் ஆவர் என இதனால் முடிவுசெய்தல் ஆகாது. கர்ணனை நோக்குக. இராதை அவனைக் குறைவின்றி வளர்த்தாள். ஆயினும் அவையில் அவன் குலம் வினவப்பட்டபோது, கைகொடுத்தவன் துரியோதனன் ஒருவனே. அந்த நன்றியே கர்ணனின் அறமாயிற்று. அதுவே அவனைப் பிழையான பக்கத்திலும் நிறுத்தியது. கைவிடப்பட்ட ஒருவருக்கு யார் முதலில் இடமளிக்கிறாரோ அவருடைய நோக்கமே அவருக்கு அறமாகிவிடக்கூடும். ஆகவே அன்பு செய்வோரின் பொறுப்புப் பெரிது.

உளவியலாளர் யோன் பௌல்பி, வீடற்ற சிறாரைக் குறித்து உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதி 1951இல் வெளியான அறிக்கையில், குழந்தையின் உளநலத்துக்குத் தாயின் அல்லது தாயின் இடத்தில் நிலையாக நிற்கும் ஒருவரின் இடையறாத அன்புறவு இன்றியமையாதது என வலியுறுத்தினார். நிலையாக நிற்றல் என்பதே இங்குக் கருதத்தக்கது. கரையிலிருந்து பேழையைத் தூக்குதல் ஒரு கணத்துச் செயல். மகளாக வளர்த்து அரசை ஒப்படைத்தல் ஒரு வாழ்நாட் செயல். மனுநேய கயவாகு பேழையைத் திறந்தபோது அக்குழந்தையின் குலத்தையோ சாதகத்தையோ வினவியதாகக் கதை கூறவில்லை.

குளமும் குழந்தையும்

ஆடகசவுந்தரியின் அறநோக்கு எவ்வுருவில் வெளிப்படுகின்றது? கதையின்படி, பகை தணிந்து மணம் நிகழ்ந்தபின் எழுவது கந்தளாய்க் குளம். கோயில் நிலங்களுக்கு மட்டுமன்றி ஊர்களின் வயல்களுக்கும் நீர் தருவது அது. கோயிற் பணிகளுக்குத் தானத்தார், வரிப்பத்தார் எனக் குடிகளை அமைத்த செய்தியும் இம்மரபிலேயே வருகின்றது. நாட்டுக்குக் கேடு எனச் சோதிடர் கூறிய குழந்தையின் ஆட்சியிலே நாடு நீர்வளம் பெறுகின்றது. கடல்வழி வந்தோர் குடிகளாகின்றனர். எந்த நியாயத்தின் பேரால் அவள் எறியப்பட்டாளோ அந்த நியாயத்தைத் தன் ஆட்சியால் அவள் பொய்யாக்கிவிடுகின்றாள். நீரில் விடப்பட்டவள் நீரைத் தேக்கி நிறுத்துகின்றாள். துயரிலிருந்து பிறக்கும் அறத்தின் இயல்பு இதுவே: தனக்குச் செய்யப்பட்டதைப் பிறருக்குச் செய்யாமை மட்டுமன்று, அதனைச் செய்யத் தூண்டிய அச்சத்துக்கே இடமில்லாத ஓர் ஒழுங்கை அமைத்தல்.

குளம் ஒருமுறை கட்டினால் முடிந்துவிடும் பணியன்று. குளக்கட்டைக் காக்கக் குளக்கோட்டன் பூதங்களை நிறுத்தினான் எனக் கதை கூறுவதன் பொருள், இடையறாத காவல் வேண்டும் என்பதே. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். காவல் தளருமிடத்து, காக்கும் நீரே கொல்லும் நீராகும். குழந்தையின் நெஞ்சமும் அத்தகையதே. அதனுள் தேங்கும் துயரைக் கரைகட்டிக் காப்பது ஒருநாள் இரக்கத்தால் இயலாது.

இம்மாவட்டத்துக் கடற்கரைகள் 1964ஆம் ஆண்டுச் சூறாவளியையும், போர்க்கால இடப்பெயர்வுகளையும், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையையும் கண்டவை. மூதூர், கிண்ணியா, நிலாவெளிப் பகுதிகளில் பெற்றோரை இழந்த சிறுவர் தமிழர், முசிலிம்கள், சிங்களவர் என்னும் மூவினத்திலும் இருந்தனர். அவர்கள் இன்று வளர்ந்து குடிமக்களாகிவிட்டனர். அவர்களுடைய துயரே அவர்களை அறவோர் ஆக்கும் எனக் கூறுதல் நம் கடமையைத் தட்டிக்கழித்தலாகும். பேழை கரையை அடையும்போது கரையில் நிற்பவர் என்ன செய்கிறார் என்பதிலேயே அடுத்த தலைமுறையின் நீதி தங்கியுள்ளது. ஆடகசவுந்தரி கதையை நம் முன்னோர் மறவாது காத்தமை, இவ்வுண்மையை அவர்கள் அறிந்திருந்தமைக்குச் சான்றாகும்.