பேய்க்கதை எழுதுவது எப்படி? புளியமரம் முதல் படலைச் சத்தம் வரை

எங்கள் ஊர்ப் பேய்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முனி ஆலமரத்திலோ புளியமரத்திலோ இருக்கும். கொத்தி பிரசவ வீட்டைச் சுற்றும். மோகினி வெள்ளைச் சீலையில் ஒழுங்கை முடக்கில் நிற்கும். நேரம் உச்சிப்பொழுது அல்லது நடுச்சாமம். அதற்கு முன் நாய் ஊளையிடும். இவை எல்லாம் பழகிப்போனவை என்று புதிதாக எழுத வருவோர் ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் பயம் வேலை செய்வதே இந்தப் பழக்கத்தினால்தான். புளியமரம் என்றவுடன் வாசகர் மீதியைத் தானே நினைத்துக்கொள்கிறார். எழுதுபவர் விளக்கத் தேவையில்லை.

உலகெங்கும் இதுவே வழக்கம். 1815 இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போனது. ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில் மழையால் அடைபட்டிருந்த நண்பர்கள், பழைய பேய்க்கதைகளை வாசித்துவிட்டுத் தாங்களும் எழுதிப் பார்க்கத் தீர்மானித்தனர். அவர்களில் ஒருவரான 18 வயது மேரி தொடங்கியதுதான் 1818 இல் வெளிவந்த 'பிராங்கன்ஸ்டைன்'.

தமிழில் புதுமைப்பித்தனின் 'காஞ்சனை' நல்ல பாடம். வீட்டுக்கு வேலைக்கு வரும் பெண், நள்ளிரவில் எழும் வாடை, உறங்கும் மனைவி. அவ்வளவுதான். வந்தவள் பேயா, கணவனின் மனப்பிரமையா என்பதை ஆசிரியர் கடைசிவரை உறுதிப்படுத்தவில்லை.

எழுதத் தொடங்குவோர் கவனிக்க வேண்டியவை

இடம்: நீங்கள் நடந்து பழகிய இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். கிணற்றடி, பனங்கூடல், பூட்டிக் கிடக்கும் வெளிநாட்டுக்காரர் வீடு எதுவும் போதும்.

ஒரே ஒரு பிசகு: மற்ற எல்லாம் வழமைபோல் இருக்கட்டும். காற்றில்லாத இரவில் துலா மட்டும் ஆடட்டும். பத்து அதிசயங்கள் வந்தால் வாசகர் சிரித்துவிடுவார்.

விதி: பேய்க்கும் ஒரு சட்டம் வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மூன்றாம் முறைவரை பதில் சொல்லக்கூடாது என்பதுபோல. பிறகு அந்த விதியை யாராவது மறக்க வேண்டும்.

தாமதம்: உருவத்தைக் கடைசிக்கு வையுங்கள். முதலில் சத்தம், பிறகு வாடை, பிறகு நிழல். மின்சாரம் இல்லாத 1990களில் ஜாம்போத்தல் விளக்கின் ஒளியில் கதை கேட்டவர்களுக்கு, சுவரில் ஆடும் நிழலின் கனம் தெரியும்.

பயம் உடை மாற்றும்

2011 ஆகஸ்டில் நாடெங்கும் 'கிறீஸ் பூதம்' என்ற பீதி பரவியது. பிடித்தால் வழுக்குவதற்காக உடம்பில் கிறீஸ் பூசிக்கொள்ளும் கள்வன் பற்றியது பழைய கதை. அந்த ஆண்டில் அது பெண்களைத் தாக்கும் மர்ம மனிதனாக மாறியது. யாழ்ப்பாணம் நாவாந்துறையில் ஊரவர்களுக்கும் படையினருக்கும் மோதல் மூண்டு பலர் கைதானார்கள். போர் முடிந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மக்கள் பயந்தது பூதத்துக்கு மட்டுமா? பழைய கதை, சொல்ல முடியாத புதிய பயத்துக்கு உடையானது. நல்ல பேய்க்கதை செய்வதும் இதைத்தான்.

ஓர் எல்லை

இங்கே எழுதுவோருக்கு ஒரு பொறுப்பும் உண்டு. நடுச்சாமத்தில் படலை தட்டும் சத்தம் பிற நாட்டு வாசகருக்கு வெறும் உத்தி. நம்மில் பலருக்கு அது நடந்தது. ஆகவே அதைத் திடுக்கிட வைப்பதற்காக மட்டும் எடுத்தாள வேண்டாம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டத்தில் கேட்டது, பிள்ளை எங்கே என்பதைத்தான். அப்படியொரு பிள்ளையை ஆவியாக முற்றத்துக்குக் கொண்டுவரும் கதை, அவன் இறந்துவிட்டான் என்று தாய்க்கு முன்னரே தீர்ப்பெழுதிவிடுகிறது. அந்தத் தீர்ப்பைச் சொல்ல எழுத்தாளருக்கு உரிமையில்லை.

அந்த வீட்டைப் பற்றி எழுதத்தான் வேண்டுமென்றால், பேயை விட்டுவிடுங்கள். இரவில் படலையைப் பூட்டாமல் வைத்திருக்கும் அம்மாவை எழுதுங்கள். நாய் குரைக்கும்போது அவர் பயப்படமாட்டார். எழும்பி விளக்கைத் தூண்டுவார்.