ஸ்டார்கிராஃப்ட் 2: பயந்ததும் நடந்ததும்

2007 மே மாசம் சியோல்ல பிளிசார்ட் 'ஸ்டார்கிராஃப்ட் 2' வரப்போகுதுன்னு அறிவிச்சப்ப ரசிகர்களுக்குப் பாதி சந்தோஷம், பாதி பயம். 1998ல வந்த முதல் பாகம், கொரியாவுல டிவியில நேரடியா ஒளிபரப்பாகிற விளையாட்டாவே வளர்ந்திருந்துச்சு. அதைக் கெடுத்துடுவாங்களோ?

2009ல குண்டு விழுந்துச்சு: லேன் வசதி கிடையாது, கம்பெனி சர்வர் வழியாத்தான் மோதணும். பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து ஆடுற ரெண்டு பேருக்கு நடுவுல சர்வர் எதுக்குங்க? ரசிகர்கள் மனு போட்டாங்க. பலனில்லை.

2010 ஜூலைல வந்த ஆட்டம் என்னவோ அருமைதான். ஆனா கொரியாவுல போட்டிகளை ஒளிபரப்புற உரிமை யாருக்குங்கிற சண்டை 2011ல தான் ஓய்ஞ்சுது. 2016ல புரோலீக்கே நின்னு போச்சு. பழைய ஆட்டமோ 2017ல மெருகேத்தி மறுபடி வந்துச்சு!

அதனால மக்களே, எந்த ஆட்டத்துக்கு அடுத்த பாகம் வந்தாலும் கிராஃபிக்ஸை அப்புறம் பார்ப்போம். சர்வரை மூடின பிறகும் நண்பனோட ஆட முடியுமா? அதை முதல்ல கேளுங்க.