டர்போ காரும் உத்திரமேரூர் புழுதியும்

உத்திரமேரூர்னு சொன்னாலே எல்லாரும் நேரா குடவோலைக்குப் போயிடறாங்க. பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, கி.பி. 919, 921, குடத்துக்குள்ள ஓலை... எல்லாம் பெருமைதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா இன்னிக்கு நான் எழுதப் போறது அதே ஊர் ரோட்டுல பறக்கற புழுதியைப் பத்தி. சரியாச் சொன்னா, அந்தப் புழுதிக்கும் டர்போ கார் போனட்டுக்குள்ள ஒண்டிக்கிட்டு இருக்கற ஏர் ஃபில்டருக்கும் நடக்கற சண்டையைப் பத்தி. இதுவும் வரலாற்றுப் பதிவுதான், பயப்படாதீங்க. கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும், அவ்வளவுதான் :-)

டீக்கடையில அடிக்கடி காதுல விழற கேள்வி இது. "அந்தக் காலத்து வண்டியில போனட்டைத் திறந்தா ஒரு ஆளே உள்ள இறங்கி நிக்கலாம். இப்ப வர்ற வண்டியில கை விட இடமில்லையே, ஏன்?" பெரும்பாலும் இன்ஜினியருக்குத்தான் திட்டு விழும். பாதிப் பழி வேற இடத்துக்குப் போகணும். அதுக்கு முதல்ல டர்போ எங்கிருந்து வந்ததுன்னு பார்த்துடலாம்.

1905-ல சுவிட்சர்லாந்துக்காரர் ஆல்ஃபிரட் பியூகி ஒரு காப்புரிமை வாங்கினார். யோசனை ரொம்ப எளிமை. இன்ஜின் வெளியே துப்பற புகையில இன்னும் நிறைய சக்தி மிச்சம் இருக்கு. அதை வெச்சு ஒரு சக்கரத்தைச் சுத்த விடு. அதே தண்டோட மறுமுனையில இன்னொரு சக்கரம். அது வெளிக்காத்தை இழுத்து அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து அதிகமாப் போனா டீசலையும் அதிகமா எரிக்கலாம், சின்ன இன்ஜின் பெரிய இன்ஜின் வேலை செய்யும். முதல்ல கப்பல், விமானம்னு போன இந்த டர்போ, கடையில விக்கற காருக்குள்ள வந்தது 1962-ல. அமெரிக்காவுல ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவர்லே கோர்வேர் ரெண்டும் அந்த வருஷம் டர்போவோட வந்தது. மெர்சிடிஸ் 1978-ல டர்போ டீசல் கார் கொண்டு வந்தாங்க.

அந்த நேரத்துல நம்ம பக்கம் புழுதியோட சண்டை போட்டுக்கிட்டு இருந்தது டிராக்டர். 1960-ல சென்னையில ஆரம்பிச்ச டாஃபே நிறுவனத்தோட மாசி ஃபெர்குசனை ஏர் ஓட்டறப்ப பார்த்திருப்பீங்க. அதுல இருந்தது ஆயில் பாத் ஃபில்டர். ஒரு கிண்ணத்துல ஆயில். உள்ள வர்ற காத்து கீழே வந்து ஆயில் மேல மோதி சட்டுனு மேல திரும்பும். காத்து திரும்பிடும், கனமான மண்ணு திரும்ப முடியாம ஆயில்லயே விழுந்துடும். தப்பிச்ச மிச்சத்தை மேல இருக்கற கம்பி வலை பிடிக்கும். அழுக்கானா ஆயிலை மாத்தினா போதும், காசு கொடுத்து ஃபில்டர் வாங்க வேண்டாம். நம்ம விவசாயிக்குன்னே செஞ்ச மாதிரி இருந்தது.

ஆனா அதுக்கு ரெண்டு விஷயம் வேணும். ஒண்ணு, உயரமா நிக்க இடம். டிராக்டர்ல இடத்துக்குப் பஞ்சமே இல்லை. இன்னொண்ணு, ஏறக்குறைய ஒரே சீரான வேகம். காத்து மெதுவா வந்தா மண்ணைச் சரியாப் பிடிக்காது, ரொம்ப வேகமா வந்தா ஆயிலையும் சேர்த்து உறிஞ்சிடும். கார் ஒரு நிமிஷம் நிக்கும், அடுத்த நிமிஷம் பறக்கும். அதனால காருக்கு மடிப்பு மடிப்பா இருக்கற காகித ஃபில்டர்தான் நிலைச்சது.

சேலைக் கொசுவம் மாதிரிதான் அது, காஞ்சிபுரத்துக்காரங்களுக்கு விளக்கவே வேண்டாம். ஆறு கஜத்தை இடுப்புல அடக்கற அதே கணக்கு. 20 சென்டிமீட்டர் அகலம், 5 சென்டிமீட்டர் ஆழத்துல 50 மடிப்பு வெச்சா, பிரிச்சுப் போட்டா ஒரு சதுர மீட்டர் காகிதம் வரும். இடம் கம்மியா இருந்தாலும் மூச்சு விட வழி.

இப்ப நம்ம மாவட்டத்துக்கு வருவோம். 2019 நவம்பர்ல செங்கல்பட்டு தனியாப் பிரியற வரைக்கும் இங்கிருந்து கடற்கரை வரை எல்லாம் ஒரே காஞ்சிபுரம் மாவட்டம்தான். டர்போ கதையில அந்தப் பழைய மாவட்டத்துக்கு ஒரு தனி இடம் உண்டு. டர்போசார்ஜர் செய்யறதுக்குன்னே 1982-ல தொடங்கின டர்போ எனர்ஜி நிறுவனத்தோட ஆலை பையனூர்ல. 1998-ல இருங்காட்டுக்கோட்டையில இருந்து சான்ட்ரோ வெளிய வந்தது. 2002-ல அதே ஹூண்டாய் ஆலை அக்சென்ட் சி.ஆர்.டி.ஐ.யை விட்டாங்க. 1493 சி.சி., மூணே சிலிண்டர், டர்போ, 82 குதிரைத்திறன். 1999-ல பெட்ரோல் இன்ஜினோட வந்த வண்டி அது. அதே போனட்டுக்குள்ள டர்போவும் அதுக்கான குழாயும் சேர்ந்து குடியேறினது.

இடப் பற்றாக்குறைக்கு அடுத்த காரணம் டெல்லியில இருந்து வந்தது. 2006 பட்ஜெட்ல அன்னிக்கு நிதியமைச்சரா இருந்த ப. சிதம்பரம் சின்னக் காருக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்துல இருந்து 16 ஆக் குறைச்சார். சின்னக் கார்னா என்ன? நீளம் 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சி.சி.க்குள்ள, டீசல்னா 1500 சி.சி.க்குள்ள. அவ்வளவுதான், எல்லாக் கம்பெனியும் டேப்பை எடுத்துக்கிட்டு அளக்க ஆரம்பிச்சாங்க. வெளியே 4 மீட்டரைத் தாண்டக் கூடாது, உள்ளே அஞ்சு பேர் காலை நீட்டணும். அப்ப எதைக் குறுக்கறது? போனட்டைத்தான். இன்ஜின் சி.சி.யும் கூடக் கூடாது, ஆனா வண்டி பறக்கணும். அப்ப எதைச் சேர்க்கறது? டர்போவைத்தான். ஒரே சட்டம் ஒரு பக்கம் இடத்தைக் குறைச்சது, மறு பக்கம் சாமானைக் கூட்டினது.

நல்ல உதாரணம் மறைமலை நகர்ல செஞ்ச ஃபோர்டு ஈகோஸ்போர்ட். 2013-ல வந்தப்ப நீளம் 3999 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்ல தப்பிச்சது! அதுல ஒரு மாடல்ல 999 சி.சி. டர்போ பெட்ரோல், 125 குதிரைத்திறன். அந்த ஆலையில கார் உற்பத்தி 2022-ல நின்னு போச்சு, ஆனா அளவுகோல் நிக்கலை. 2025 செப்டம்பர் 22-ல வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்துலயும் அதே 4 மீட்டர், அதே 1200, 1500. உள்ளே இருந்தா 18 சதவீதம், தாண்டினா 40.

சரி, இதுல ஃபில்டருக்கு என்ன கஷ்டம்னு கேப்பீங்க. ஒரு 1500 சி.சி. டர்போ டீசல் 3000 சுற்றுல, டர்போ நல்லா அமுக்கற நேரத்துல, நிமிஷத்துக்குச் சுமார் 4000 லிட்டர் காத்தை இழுக்கும். மொட்டை மாடியில வெக்கற ஆயிரம் லிட்டர் டேங்க் நாலு, ஒரே நிமிஷத்துல. ஆக, ஃபில்டருக்கு வேலை கூடினது, இடம் குறைஞ்சது. டர்போவோட காத்துச் சக்கரம் நிமிஷத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல சுத்தும், அலுமினியத்துல செஞ்சது. அந்த வேகத்துல கல்லு மாவு உள்ள போனா உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்ச மாதிரி இறக்கை முனை தேஞ்சிடும்.

பழவேரி, மதூர் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், கல்குவாரி, கிரஷர், வரிசையா டிப்பர் லாரி. எங்க தெருத் தம்பி ஒருத்தன், பேர் வேண்டாம், கடன் வாங்கி செகண்ட்ஹேண்ட் டர்போ டீசல் வண்டி எடுத்து வாடகைக்கு ஓட்டறான். பாதி சவாரி அந்த ரோட்டுலதான். சிட்டியில ஒரு கடையில "பிக்கப் பிச்சுக்கும்"னு சொல்லி ஒரிஜினல் டப்பாவைக் கழட்டிட்டு கூம்பு மாதிரி ஒரு ஓப்பன் ஃபில்டரை மாட்டி விட்டுட்டாங்க. இடம் இல்லாததால அது சைலன்ஸர் மேனிஃபோல்டுக்குப் பக்கத்துலயே உக்காந்தது. காத்து 30 டிகிரிக்குப் பதிலா 60 டிகிரியில உள்ள போனா அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறையும். பிக்கப்புக்குப் போட்டது பிக்கப்பையே தின்னும்.

அதோட போகலை. நாலாவது மாசம் விசில் சத்தம், அப்புறம் புகை. "அண்ணா, ஃபில்டர் புதுசுதானே போட்டேன், டர்போ ஏன் போச்சு?"ன்னு வந்து நின்னான். அந்த மாசத் தவணை கட்டக் கையில காசில்லை. பிரிச்சுப் பார்த்தா ஃபில்டர்ல தப்பில்லை. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல இருந்த ரப்பர் ஹோஸ் போனட்ல உரசி உரசிக் கிழிஞ்சிருந்தது. ஃபில்டரைத் தாண்டி ஓட்டை விழுந்தா ஃபில்டர் இருந்தும் இல்லாத மாதிரிதான். கிடைச்ச வழியில எல்லாம் டர்போ புழுதியை உறிஞ்சிடும்.

எங்க ஊர் மெக்கானிக் புதுப்பேட்டையில இருந்து அதே மாடல் பழைய டப்பாவை வரவழைச்சார். டர்போவையும் மாத்தினாங்க. பிராக்கெட் வேற மாதிரி இருந்ததால டப்பா மேல இடிக்குமோன்னு சந்தேகம். சப்பாத்தி மாவை உருட்டி, பாலிதீன் கவர்ல சுத்தி, டப்பா மேல நாலு இடத்துல வெச்சு போனட்டை மெதுவா மூடினார். திறந்து மாவோட கனத்தை அளந்தா எவ்வளவு இடைவெளின்னு தெரிஞ்சு போச்சு. இன்ஜின் ஆடற வண்டி, ரெண்டு சென்டிமீட்டராவது வேணும்னார். ஹோஸை நசுங்காம வளைச்சு, உரசற இடத்துல ரப்பர் உறை போட்டு, கிளாம்ப்பை ரெண்டு முனையிலயும் இறுக்கினார். காத்து அளக்கற சென்சார் ஃபில்டருக்கு அப்புறம், டர்போவுக்கு முன்னாடி, அந்த வரிசை மாறவே இல்லை.

எண்ணெய் தடவற துணி ஃபில்டர் போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணெய் அதிகமானா அது சென்சார் கம்பியில படியும். ரேஸ் டிராக்குக்கும் குவாரி ரோட்டுக்கும் மருந்து ஒண்ணு இல்லை.

குடவோலையில தேர்ந்தெடுத்த வாரியங்கள்ல ஏரி வாரியம்னு ஒண்ணு உண்டு, பதவிக்காலம் 360 நாள். ஏரியைக் கவனிக்கன்னே ஆள் வெச்ச ஊர் இது. கம்பெனி புத்தகத்துல போட்டிருக்கற கிலோமீட்டர் நல்ல ரோட்டுக்கான கணக்கு. குவாரி ரோட்டுக்காரங்க பாதியிலயே டப்பாவைத் திறந்து பாருங்க. ஃபில்டரைத் தட்டறதை விட மாத்தறது நல்லது. ஹோஸை விரலால தடவிப் பாருங்க, உள்பக்கம் மாவு ஒட்டினா எங்கேயோ ஓட்டை.

தம்பி வண்டி இப்ப ஓடுது. டர்போவுக்கு வாங்கின கடன்தான் இன்னும் முடியலை.