சிதைந்த காரும் கொங்கு நாட்டுப் பட்டறையும்

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த ஜி.டி. நாயுடு, ஆங்கிலேய அதிகாரி ஒருவரிடம் வாங்கிய ரட்ஜ் மோட்டார் சைக்கிளை அக்கக்காகக் கழற்றி, அதன் சூட்சுமத்தை அறிந்து, மறுபடியும் பூட்டி ஓட்டியதும், 1920-இல் ஒரே ஒரு பஸ்ஸைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கியதும், கொங்கு நாட்டு யந்திரத் தொழிலின் பூர்வ சரித்திரத்தில் பிரசித்தமானவை. பழுதுபட்டதை எறிந்துவிடாமல் பிரித்துப் பார்த்துச் சீர்செய்யும் அந்த ஸ்வபாவம், கோவை உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடைகளிலும் அந்நகரப் பட்டறைகளிலும் இன்றும் ஜீவித்திருக்கிறது.

இப்பட்டறைகளுக்குச் சிதைந்த கார்கள் வந்துசேரும் வழி காப்பீட்டோடு பிணைந்தது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் அடங்கிய மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் விதி 1946-இல் அமலுக்கு வந்தபின், காரும் காப்பீடும் பிரிக்க முடியாதவை ஆயின. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் எழுபத்தைந்து சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாகக் கணக்கிட்டு, உரியவருக்குப் பணம் தந்து, எஞ்சிய உடலை ஏலத்தில் விற்பது பிற்காலத்து வழக்கம். அவ்வாறு விற்கப்பட்ட வண்டியே, பட்டறையில் தகடு தட்டப்பட்டு, வர்ணம் பூசப்பட்டு, புத்தொளியுடன் சந்தைக்குத் திரும்புகிறது.

2015-ஆம் ஆண்டுச் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் இந்த வியாபாரத்தின் அபாயத்தைப் பலருக்கும் உணர்த்தின. ஏனெனில் நீர் புகுந்த மின்கம்பிகளின் அரிப்பு, புது வர்ணத்தின் பளபளப்புக்குள் மறைந்தே வளரும்.

ஆகவே, பழைய கார் வாங்குவதாயின், சேஸிஸ் எண்ணைப் பதிவுச் சான்றோடு (ஆர்.சி.) ஒப்பிட்டு, பழைய இன்ஷூரன்ஸ் கிளெய்ம் விவரத்தைக் கேட்டுப் பெற்று, நம்பிக்கையான மெக்கானிக்கிடம் வண்டியைத் தூக்கிக் காட்டிய பின்னரே விலை பேசுக. சேஸிஸ் வளைந்த வண்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம்.