பிரைக்கோ: பண்டைய உரோமின் கட்டியக்காரர்

பண்டைய உரோமில் அரசின் ஆணைகளையும் அறிவிப்புகளையும் மக்கள் கூடும் இடங்களில் உரத்த குரலில் அறிவித்தவர் பிரைக்கோ எனப்பட்டார். எழுத்தர், அதிகாரச் சின்னம் தாங்கி முன்செல்லும் லிக்டர், ஓலை கொண்டுசெல்லும் வியாத்தோர் ஆகியோருடன் இவரும் அப்பாரித்தோரெஸ் என்னும் ஊதியப் பணியாளர் வகுப்பில் அடங்கினார். கி.மு. 81இல் சர்வாதிகாரி சுல்லா இயற்றிய சட்டம், நிதி அலுவலர்களான குவெஸ்டர்களின் எண்ணிக்கையை 20ஆக வரையறுத்ததோடு, அவர்களிடம் பணிபுரியும் பிரைக்கோக்களின் நியமனத்தையும் ஒழுங்குபடுத்தியது.

மக்கள் அவையில் அமைதி காக்கச் சொல்வது, வாக்களிக்கும் பிரிவுகளை அழைப்பது, தேர்தல் முடிவைக் கூறுவது, நீதிமன்றத்தில் வழக்காடுவோரையும் சாட்சிகளையும் அழைப்பது ஆகியவை இவரது அரசுப் பணிகள். மாசிடோனியாவை வென்ற பிளாமினினஸ், கி.மு. 196இல் கொரிந்துக்கு அருகே நடந்த இஸ்த்மிய விளையாட்டு விழாவில் கிரேக்க நகரங்களின் விடுதலையைப் பிரைக்கோவின் குரலிலேயே அறிவித்தார்; நம்ப இயலாத மக்கள் மீண்டும் அழைத்து, அதையே மறுபடியும் கூறச் செய்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார்.

அரசுப் பணிக்கு வெளியே, தனியாருக்காகக் கூவும் தொழிலும் இருந்தது. ஏலத்தில் பொருளின் சிறப்பைச் சொல்லி விலை கேட்பது, உயர்குடியினரின் இறுதி ஊர்வலத்துக்கு மக்களை அழைப்பது, காணாமற்போன பொருளையோ தப்பியோடிய அடிமையையோ பற்றித் தெருக்களில் அறிவிப்பது ஆகியவற்றுக்கு இவர்கள் கூலி பெற்றனர்.

குரலை விற்றுப் பிழைப்பது இழிவாகக் கருதப்பட்டதால், இத்தொழிலில் இருக்கும் வரை ஒருவர் நகராட்சிப் பதவி வகிக்கக் கூடாது என்னும் தடை கி.மு. முதல் நூற்றாண்டில் இருந்தது; தொழிலைக் கைவிட்டவரை அது கட்டுப்படுத்தாது எனக் கி.மு. 45இல் எழுதிய கடிதமொன்றில் பேச்சாளரும் வழக்கறிஞருமான சிசரோ தெளிவுபடுத்துகிறார். ஊதியமும் குறைவே: எசுப்பானியாவின் ஊர்சோ குடியேற்றத்துக்கான சட்டம், தலைமை அலுவலரின் எழுத்தருக்கு ஆண்டுக்கு 1,200 செஸ்டர்ஸ் நாணயங்களை வழங்க, பிரைக்கோவுக்கு 300 மட்டுமே ஒதுக்கியது.

எனினும், ஏலத் தொழில் சிலரைச் செல்வராக்கியது. சிசரோ எதிர்த்து வாதிட்ட செக்ஸ்துஸ் நேவியுஸ், பிரைக்கோவாக இருந்து பெருநில வணிகத்தில் பங்காளியானவர். கி.பி. முதல் நூற்றாண்டுக் கவிஞர் மார்ஷியலின் அங்கதப் பாடலொன்றில், தன் மகளைக் கேட்டு வந்த பிரேத்தர்கள் என்னும் உயர் நீதி அலுவலர்கள், வழக்கறிஞர்கள், கவிஞர்கள் அனைவரையும் விடுத்து, ஒரு முதியவர் தயங்காமல் ஒரு பிரைக்கோவுக்கே அவளை மணமுடித்துக் கொடுக்கிறார். சட்டம் மறுத்த மதிப்பைச் செல்வம் ஈட்டித் தந்ததை அப்பாடல் எள்ளலோடு காட்டுகிறது.