நாணமும் நோயும்



ஓசூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், தமிழ்நாட்டின் எல்லை முடியுமிடத்தில் ஜூஜுவாடி என்னும் ஊர் உள்ளது. அதனைத் தாண்டினால் கர்நாடகத்து அத்திப்பள்ளி. 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபோது இயந்திரங்களின் முன் நின்ற இளைஞர்கள், இன்று அறுபதைக் கடந்த முதியோர் ஆவர். அத்தகைய ஒருவரை அவ்வூர்ப் பேருந்து நிறுத்தத்தில் அண்மையில் கண்டேன். "இரவில் நாலைந்து முறை சிறுநீருக்கு எழ வேண்டியிருக்கிறது, ஐயா. இதைப் போய்ப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது?" என்றார். அவருடைய நாணமே இன்றைய பேச்சுக்குக் காரணமாயிற்று.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே புராஸ்டேட் என்னும் சிறு சுரப்பி அமைந்துள்ளது. முதுமையில் அது பருப்பது இயல்பு; அப்பெரியவரைப் போன்றோர் படும் தொல்லைக்குப் பெரும்பாலும் அதுவே காரணம். ஆனால் அதே சுரப்பியில் புற்றுநோயும் தோன்றக்கூடும். தொடக்கத்தில் அது எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. முற்றிய பின்னர் எலும்புகளுக்குப் பரவுகிறது.

1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்னும் அறிஞர், ஆண்மைச் சுரப்பு நீரைக் குறைத்தால் இந்நோய் தணிவதைக் காட்டினார். 1966-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எனினும், நோயை முன்கூட்டி அறியும் வழி அப்போது இல்லை. 1970-களில், இச்சுரப்பி உண்டாக்கும் பி.எஸ்.ஏ. என்னும் புரதத்தை ஆராய்ச்சியாளர் பிரித்தெடுத்தனர். குருதியில் அதன் அளவைக் காணும் சோதனையை, நோயறிதலுக்குத் துணையாக அமெரிக்க அரசு 1994-இல் ஏற்றது.

இனி எல்லா ஆண்களையும் சோதித்துவிடலாம் என்று உலகம் மகிழ்ந்தது. ஆனால் வரலாறு அவ்வளவு எளிதாக முடியவில்லை. அந்தப் புரதம் புற்றுநோயில் மட்டுமன்றி, வெறும் வீக்கத்திலும் மிகும். மேலும், இப்புற்றுநோய்களுட் பல மெல்ல வளர்பவை. வாழ்நாள் முழுதும் தீங்கு செய்யாமலே இருந்துவிடுபவை. 2009-இல் ஐரோப்பிய நாடுகளின் பேராய்வு ஒன்று வெளியாயிற்று. சோதனையால் இந்நோய் மரணம் 20 விழுக்காடு குறைந்தது என்றது அது. ஆயினும் ஓர் உயிரைக் காக்க 1,410 பேரைச் சோதித்து, 48 பேருக்குக் கூடுதலாகச் சிகிச்சை செய்ய நேர்ந்தது. அச்சிகிச்சையோ சிறுநீர்க் கட்டுப்பாட்டையும் ஆண்மையையும் குலைக்கக்கூடியது. ஆதலால் மருத்துவர் இன்று எவரையும் கட்டாயப்படுத்துவதில்லை. ஐம்பது வயதை ஒட்டியவரும், தந்தைக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் வந்திருந்தால் அதற்குச் சில ஆண்டு முன்னரும், நன்மை தீமைகளை மருத்துவரிடம் கேட்டறிந்து தாமே முடிவு செய்க என்கின்றனர்.

வருமுன் காக்க மாத்திரை உண்டோ எனில், வைட்டமின் ஈ-யும் செலினியமும் பயன் தரும் என்று நம்பி 35,000-க்கும் மேற்பட்டோரிடம் ஆய்ந்தனர். பயனில்லை என 2008-இல் நிறுத்தினர். வைட்டமின் ஈ நோயைச் சிறிது மிகுவிப்பதாகவும் 2011-இல் தெரியவந்தது. நம்பிக்கை வேறு, சான்று வேறு அன்றோ!

நம் நாட்டிலும் இவ்வுணர்வு புதிதன்று. புற்றுநோய்க்குத் தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரையே தொண்டாக மாற்றி, 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தொடங்கினார். அன்று அதில் இருந்தவை 12 படுக்கைகளே. ஜூஜுவாடி வழியாகச் செல்லும் அதே ஓசூர்ச் சாலையில், பெங்களூரில் கித்வாய் நினைவு நிலையம் 1973-இல் தோன்றியது. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றது. குருதி அழுத்தமும் நீரிழிவும் காண அரசு வீட்டுக்கே வருகிறது. ஆனால் புராஸ்டேட் நோய்க்கு அவ்வாறு பொதுச் சோதனை இல்லை. அவரவரே வாய் திறந்து கேட்டாக வேண்டும்.

அப்பெரியவர் மறுநாளே மருத்துவரைக் காண்பதாகச் சொல்லிப் பேருந்தில் ஏறினார். மாணவர்களே, உங்கள் இல்லத்திலும் இரவில் பலமுறை எழும் தந்தையோ தாத்தாவோ இருக்கலாம். அவர்கள் நாணினால், கேள்வியை நீங்களே தொடங்குங்கள்.